காவல்துறைச் சான்று: அஞ்சவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

ஒரு காலத்தில் திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் வேலை கேட்டு வருகிறவரிடம் இரண்டே கேள்விகள்தாம் கேட்கப்பட்டன. "எந்த ஊர்? யார் அனுப்பினார்கள்?" காதர்பேட்டையில் அறிமுகமான ஒருவரின் பெயரைச் சொன்னால் போதும், மறுநாள் காலையில் அவர் ஓவர்லாக் இயந்திரத்தின் முன் அமர்ந்துவிடலாம். அறிந்தவர் ஒருவரின் வாக்கே அன்று நன்னடத்தைச் சான்றாக இருந்தது.

இன்று நிலைமை வேறு. தென் மாவட்டங்களிலிருந்து மட்டுமின்றி, பீகார், ஒடிசா, மேற்கு வங்காளம் போன்ற தொலைதூர மாநிலங்களிலிருந்தும் மக்கள் பிழைப்புத் தேடி வந்து குவியும் ஊராகத் திருப்பூர் வளர்ந்துவிட்டது. வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் நம் இளைஞர்களிடமும், அரசுப் பணிக்குத் தேர்வானவர்களிடமும், ஆலையின் காவலாளியிடமும், "உங்கள் மீது குற்ற வழக்கு உண்டா?" என்ற கேள்வி கேட்கப்படுகிறது. இக்கேள்வியைக் கண்டு தேவையின்றி நடுங்குபவர்களும் உண்டு. பொய் எழுதிப் பின்னர் வேலையை இழப்பவர்களும் உண்டு. ஆகவே இதனை விளங்கிக்கொள்வது நம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவசியமாகிறது.

சான்றுகள் பலவிதம்

வாசகர்களே! காவல்துறைச் சான்று என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒன்றல்ல. அதில் மூன்று வகைகள் உள்ளன.

முதலாவது, வெளிநாட்டு வேலைக்கோ நீண்டகாலக் குடியிருப்புக்கோ கேட்கப்படும் 'பி.சி.சி.' என்னும் சான்று. இதனை இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்களுக்குக் கடவுச்சீட்டு அலுவலகமே வழங்குகிறது. திருப்பூர் மாவட்டத்தவருக்குக் கோவை மண்டல அலுவலகம். சுற்றுலா விசாவுக்கு இது வழங்கப்படுவதில்லை.

இரண்டாவது, உள்ளூர் வேலை, வீட்டுப் பணியாள், வாடகைக்குக் குடிவருபவர் ஆகியோருக்கான சரிபார்ப்பு. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளம் வழியாகக் கட்டணம் செலுத்தி இதற்கு விண்ணப்பிக்கலாம். காவல்துறையின் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து அறிக்கை தருவார்கள்.

மூன்றாவது, அரசுப் பணிக்குத் தேர்வானவரைப் பற்றி அரசே நடத்தும் முன்வரலாற்று விசாரணை.

நம் மஹல்லா ஜமாஅத் தரும் நன்னடத்தைக் கடிதத்துக்கு அதற்குரிய மதிப்பு உண்டு. ஆயினும் அது இம்மூன்றில் எதற்கும் ஈடாகாது. இடைத்தரகர் ஒருவர், "அலைய வேண்டாம், நானே வாங்கித் தருகிறேன்" என்று நீட்டும் தாளை நம்பி விமானம் ஏறுவதும் அறிவுடைமையன்று. போலிச் சான்று கொடுத்தால், இல்லாத குற்றம் ஒன்று புதிதாக உண்டாகும்.

வழக்கு வேறு, தண்டனை வேறு

நம்மில் பலர் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளும் செய்தி இது. முதல் தகவல் அறிக்கை என்பது புகாரின் பதிவு. அதன்பின் விசாரணை, குற்றப்பத்திரிகை, நீதிமன்ற நடவடிக்கை, இறுதியில் தண்டனை அல்லது விடுதலை. இவற்றுள் நம் விஷயம் எந்தப் படியில் நிற்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

1967-ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டப்படி, குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் கடவுச்சீட்டு மறுக்கப்படலாம். ஆனால் 1993 ஆகஸ்ட் 25-ஆம் தேதிய மத்திய அரசின் அறிவிக்கை ஒரு வழி திறந்துள்ளது. வழக்கு நடக்கும் நீதிமன்றத்தின் அனுமதி ஆணையைப் பெற்று வந்தால், அந்த ஆணையில் கண்ட காலத்துக்குக் கடவுச்சீட்டு பெறலாம். வெறும் முதல் தகவல் அறிக்கை மட்டுமே இருப்பதை நீதிமன்ற நடவடிக்கை நிலுவையில் இருப்பதாகக் கொள்ளலாகாது என்று சென்னை உயர்நீதிமன்றமும் பல வழக்குகளில் கூறியிருக்கிறது.

2020-ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்தை நினைத்துப் பாருங்கள். இருசக்கர வாகனத்தில் வெளியே வந்ததற்காக வழக்குப் பதியப்பட்ட இளைஞர்கள் எத்தனை பேர்! குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் போராடியவர்கள் மீதும் வழக்குகள் இருந்தன. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு, வன்முறை போன்ற சிலவகை வழக்குகள் நீங்கலாக, ஏறத்தாழ 10 இலட்சம் ஊரடங்கு வழக்குகளையும் 1,500 போராட்ட வழக்குகளையும் கைவிடுவதாக அறிவித்தது. ஆயினும் அறிவிப்பைச் செய்தித்தாளில் படித்ததோடு இருந்துவிடக் கூடாது. தம் பெயரில் இருந்த வழக்கு உண்மையில் முடிக்கப்பட்டதா என்பதைக் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் விசாரித்து, அதற்கான ஆணை நகலை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். விடுதலையானவர்களும் தீர்ப்பு நகலை அவ்வாறே காக்க வேண்டும்.

மறைப்பதே பெரும் தீங்கு

அரசு வேலை விண்ணப்பத்தில் 'வழக்கு உண்டா?' என்ற கட்டத்துக்கு எதிரே 'இல்லை' என்று எழுதிவிட்டு, பின்னர் உண்மை வெளிப்பட்டுப் பணி நீக்கம் பெற்றவர்களின் வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றுள்ளன. 2011-ஆம் ஆண்டில் தில்லி காவல்துறை வேலைக்கு விண்ணப்பித்த ஓர் இளைஞரின் வழக்கு வந்தது. இளவயதில் நேர்ந்த ஒரு கைகலப்பு வழக்கு. சமரசத்தால் விடுதலையும் ஆகிவிட்டார். ஆனால் விண்ணப்பத்தில் அதனைக் குறிப்பிடவில்லை. இளமையின் தவறுகளைப் பெருந்தன்மையோடு காண வேண்டும் என்று கூறிய நீதிபதிகள், ஒரு ரொட்டியைத் திருடியதற்காக வாழ்நாள் முழுதும் திருடனென முத்திரை குத்தப்பட்ட, விக்டர் ஹியூகோவின் கதைநாயகனை நினைவூட்டி, அந்த இளைஞருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தனர்.

இத்தகைய சலுகை எப்போதும் கிடைக்கும் என்று எண்ணிவிடலாகாது. 2016-ஆம் ஆண்டில் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு நெறிகளை வகுத்தது. கேட்கப்பட்ட தகவலை உண்மையாகத் தர வேண்டும். மறைத்தால் பணி நியமனத்தை ரத்துச் செய்யலாம். இளவயதில் முழக்கமிட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால் அதிகாரி அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். குறிப்பாகக் கேட்கப்படாத ஒன்றைச் சொல்லவில்லை என்று குற்றம் சாட்ட இயலாது. உண்மையைச் சொன்ன பின்னரும் தகுதியைச் சீர்தூக்கிப் பார்க்கும் உரிமை பணி தருபவருக்கு உண்டு. ஆகவே கேள்வியை இருமுறை படியுங்கள். 'தண்டனை பெற்றதுண்டா?' என்பதும் 'வழக்கு எப்போதேனும் பதியப்பட்டதா?' என்பதும் வெவ்வேறு கேள்விகள். பின்னதற்கு, விடுதலையானவரும் 'ஆம்' என்றே எழுதி, தீர்ப்பு நகலை இணைக்க வேண்டும்.

பதினெட்டு வயதுக்குள் நேர்ந்த வழக்கென்றால் பெற்றோர் மனமுடைந்து போக வேண்டாம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், முடிந்துபோன வழக்கில் அச்சிறுவரின் பதிவை நன்னடத்தைச் சான்றுக்காகக் காவல்துறை வெளியிடக் கூடாது என்கிறது. பதினாறு வயதைக் கடந்தவர் செய்த மிகக் கொடிய குற்றங்கள் நீங்கலாக, அத்தீர்ப்பால் பிற்காலத்தில் எந்தத் தகுதியிழப்பும் நேராது.

நம் மக்தபுகளின் பொறுப்பு

இதுவரை சான்று கொடுக்க வேண்டியவர்களைப் பற்றிப் பேசினோம். கேட்க வேண்டிய இடத்தில் நாம் கேட்கிறோமா?

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் தேசிய மாணவர் படையின் பெயரால் ஒரு முகாம் நடந்தது. அம்முகாமுக்கும் தமக்கும் தொடர்பே இல்லை என்று தேசிய மாணவர் படை அறிவித்தது. பயிற்சியாளர் என வந்தவர் மாணவியைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினார் என்ற வழக்கில் பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்தவர்களும் கைதாயினர். ஒரே ஒரு விசாரணைக் கடிதம் அப்போலி வேடத்தைக் கலைத்திருக்கும்.

போக்சோ சட்டத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள், குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தம் ஊழியர் ஒவ்வொருவரையும், அவர் நிரந்தரப் பணியாளரானாலும் ஒப்பந்தப் பணியாளரானாலும், குறித்த கால இடைவெளிகளில் காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும் என்கின்றன. பள்ளிக்கூடத்துக்கு உள்ள இக்கடமை மதரஸாவுக்கும் விடுதிக்கும் இல்லையென்று கருத இடமில்லை. விதி 'ஊழியர்' என்றே சொல்கிறது. ஆயினும் கோடை வகுப்புக்கும் சுற்றுலாவுக்கும் ஊதியமின்றி உதவ வரும் தொண்டரும் அதே குழந்தைகளிடம்தானே வருகிறார்? அவரையும் விசாரிப்பதே முறை.

"உஸ்தாதைச் சந்தேகிப்பதா?" என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். நானும் ஓர் உஸ்தாத் என்ற முறையில் சொல்கிறேன்: இதில் அவமதிப்பு எதுவும் இல்லை. ஒரு ஹதீஸை ஏற்குமுன் அதை அறிவித்தவரின் வாய்மையையும் நினைவாற்றலையும் ஒவ்வொருவராக ஆராய்ந்து நூல்கள் எழுதிய அறிஞர்களின் மரபில் வந்தவர்கள் நாம். எல்லோரிடமும் ஒன்றுபோலக் கேட்டால் எவருக்கும் இழிவில்லை. ஒருவரை மட்டும் தனித்துக் கேட்பதுதான் இழிவு.

சான்று மட்டுமே காவலாகிவிடாது என்பதையும் மறவாதீர்கள். அது பதிவானதை மட்டுமே சொல்லும். பிடிபடாதவரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. முன்பு பணியாற்றிய இடத்தில் விசாரியுங்கள். வெளிமாநிலத்தவராயின் அவருடைய சொந்த ஊர்ச் சான்றையும் கேளுங்கள். மூடிய அறையில் ஒரு குழந்தையோடு ஒருவர் தனித்திருக்க இடம் தராதீர்கள். குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் காவல்துறையிடமோ 1098 என்ற எண்ணிலோ அறிவியுங்கள். ஜமாஅத்துக்குள் பேசி மூடிவிடுவது சட்டப்படி குற்றம். தமக்குக் கீழ் உள்ளவரின் குற்றத்தை அறிந்தும் மறைக்கும் நிர்வாகிக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

கிடைத்த தகவல் ஓர் அமானிதம். அதனைப் பள்ளிவாசல் திண்ணையில் பேசுபொருளாக்குவது துரோகம். எந்தக் குற்றம், எத்தனை ஆண்டுகளுக்கு முன், இந்த வேலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நிர்வாகிகள் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்குத் தீங்கிழைத்தவரைக் குழந்தைகளின் அருகில் ஒருபோதும் விடலாகாது. ஆனால் பத்தாண்டுகளுக்கு முன் தெருச் சண்டையில் சிக்கித் திருந்தி வாழும் ஒருவருக்குத் தையல் இயந்திரத்தையும் மறுத்தோமானால், அவருடைய பிள்ளைகளின் பசிக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.