ஹோட்டலோடு கட்டடக்கலைஞரும் போய்விடுவார்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் கடைவீடு ஒன்றைப் புதுப்பிக்க நினைக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: பழைய கட்டட வேலை தெரிந்த கட்டடக்கலைஞரைக் கூகலில் தேடினால் ஹோட்டல் விளம்பரமாகக் கொட்டுகிறது. என்ன செய்வது?

தேடும் இடத்தைச் சுருக்க வேண்டும். அந்த வட்டாரத்துக்கு 1989ல் பாதுகாப்புத் தகுதி கிடைத்தது. நகர மறுசீரமைப்பு ஆணையம் கட்டட மரபுடைமை விருதையும் 1995 முதல் வழங்கிவருகிறது. விருதுக் குறிப்புகளில் கட்டடக்கலைஞர், பொறியாளர், குத்தகையாளர் எனப் பெயர்கள் இருக்கும். ஆங்கிலத்தில் ‘சைட்’ என்று தட்டி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் ஆணையத்தின் இணைய முகவரியைச் சேர்த்தால் கூகல் அந்தத் தளத்தை மட்டுமே துழாவும். பெயர் கிடைத்ததும் அதை மேற்கோள் குறிக்குள் அடைத்துத் தேடினால், அலுவலக எண் வரை போய்விடலாம். ‘ஃபைல்டைப்’ என்பதோடு இதேபோல் ‘பிடிஎஃப்’ சேர்த்தால் ஆவணங்கள் மட்டும் வரும்.

இவற்றில் வேடிக்கையானது கழித்தல் குறி. தேக்கா சந்தையில் கறி வாங்கும்போது “கொழுப்பு வேண்டாம்” என்று சொல்வதுபோலத்தான் இதுவும். குறியை ஒட்டி ‘ஹோட்டல்’ என்று போட்டால் அந்தச் சொல் உள்ள பக்கங்கள் வராது. ஆனால் கறிக்கடைக்காரருக்கு இருக்கும் நிதானம் இதற்குக் கிடையாது. டிக்சன் சாலையில் பழைய பள்ளிக் கட்டடம் ஒன்று வாண்டர்லஸ்ட் ஹோட்டலாக மாறியது. அப்படிப்பட்ட வேலையைத் தன் பக்கத்தில் குறிப்பிட்டிருக்கும் கட்டடக்கலைஞர், அதாவது வாசகர் தேடும் ஆளே, ஹோட்டலோடு சேர்ந்து காணாமல் போவார்! கழித்தல் குறிக்குப் பின் ‘இன்டைட்டில்’, முக்காற்புள்ளி, ‘ஹோட்டல்’ என்று ஒட்டித் தட்டினால் தலைப்பிலேயே ஹோட்டல் என்று இருப்பவை மட்டும் விலகும், அவர் தப்புவார்.

இதே உத்திகளால் நூற்றுக்கணக்கான முகவரிகளை வாரிக்கொண்டு, எல்லாருக்கும் ஒரே விளம்பரத்தை அனுப்புவோரும் இருக்கிறார்கள். சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தொழிலுக்காகத் தரப்பட்ட பெயர், பதவி, அலுவலக எண் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் விலக்கு அளிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் மென்பொருள் வைத்து அறுவடை செய்த முகவரிகளுக்கு மின்னஞ்சல் அனுப்புவதை, 2007ல் வந்த வேண்டாத மின்னஞ்சல்களுக்கு எதிரான சட்டம் தடுக்கிறது. கடைவீட்டுக்காரருக்கு அந்த வம்பே வேண்டாம். விருதுப் பட்டியலிலிருந்து நான்கைந்து பேரைப் பொறுக்கி, அவரவர் செய்த கட்டடத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, தனித்தனியாக எழுதட்டும்.