அதிவேகப் படப்பிடிப்பும் விளக்கொளியின் துடிப்பும்

மின்விளக்கின் ஒளி கண்ணுக்கு நிலையானதாகவே தோன்றுகிறது. உண்மையில் அது நிலையானதன்று. இந்தியாவில் வழங்கப்படும் மாறுதிசை மின்னோட்டம் விநாடிக்கு 50 சுற்றுக்களை முடிக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது இருமுறை உச்சத்தை அடைந்து, இருமுறை சுழியாகிறது. ஆகவே, இம்மின்னோட்டத்தால் எரியும் விளக்கின் ஒளி விநாடிக்கு 100 முறை ஓங்கித் தாழ்கிறது. இத்துணை விரைவான மாறுதலைப் பிரித்தறியும் ஆற்றல் கண்ணுக்கு இல்லை.

அதிவேகக் காமிராவோ அதனைத் தவறாது பதிவு செய்கிறது. விநாடிக்கு 1,000 படங்கள் எடுக்கும் காமிராவில், ஒளியின் ஒரு துடிப்பு பத்துப் படங்களில் பரவி நிற்கும். அவற்றுள் சில தெளிவாகவும் சில மங்கியும் இருக்கும். அப்படங்களை விநாடிக்கு 25 வீதம் திரையிட்டால், காட்சி முழுவதும் விநாடிக்கு இரண்டரை முறை ஒளி கூடியும் குறைந்தும் துடிக்கும்.

இது கண்ணுக்குத் தொல்லை தரும் குறை மட்டுமன்று. விஞ்ஞானத்தில் அதிவேகப் படம் ஓர் அளவுகோலாகும். டீசல் யந்திரத்தில் எரிபொருள் தூவப்படும் முறையைப் படமெடுத்து, ஒவ்வொரு படத்திலும் புலப்படும் துளிகளை எண்ணுவதாகக் கொள்ளலாம். ஒளி தாழும் கணத்தில் சிறு துளிகள் மறைந்துபோகும்; ஒளி ஓங்கும்பொழுது அவை மீண்டும் தோன்றும். துளிகளின் எண்ணிக்கை விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குவதைக் காணும் பொறியியலாளர், எரிபொருள் செலுத்தும் பம்பில் குறை உள்ளதென்று முடிவு செய்யக்கூடும். பழுதற்ற பம்பு பிரிக்கப்படும். பழுதுற்ற விளக்கொளியோ ஐயத்துக்கு இடமின்றி எரிந்துகொண்டிருக்கும்.

சாதாரணத் திரைப்படம் இக்குறையிலிருந்து தப்புவதற்கு எளிய வழி உண்டு. ஒரு படம் ஒளியேற்கும் நேரம், விநாடியில் நூறில் ஒரு பங்காகவோ அதன் முழு மடங்காகவோ இருத்தல் வேண்டும். விநாடிக்கு 24 படங்கள் எடுக்கும் காமிராவின் மூடியில் 172.8 பாகை திறப்பு அமைத்தால், ஒவ்வொரு படமும் சரியாக 1/50 விநாடி ஒளியேற்கிறது. ஒவ்வொன்றிலும் இரண்டு முழுத் துடிப்புக்கள் அடங்குவதால் வேறுபாடு தோன்றுவதில்லை. ஆனால், வேகம் விநாடிக்கு 100 படங்களைக் கடந்துவிட்டால், ஒரு முழுத் துடிப்பை எந்தப் படமும் தன்னுள் கொள்ள இயலாது. அதன்பின் காமிராவைத் திருத்திப் பயனில்லை. விளக்கையே திருத்த வேண்டும்.

எல்லா விளக்குகளும் ஒரே அளவில் துடிப்பதில்லை. மின்னிழை விளக்கில், மின்னோட்டம் சுழியாகும் கணத்திலும் இழை சூடாகவே இருப்பதால் ஒளி முற்றிலும் அற்றுவிடுவதில்லை. இழை எவ்வளவு தடிப்பாக உள்ளதோ அவ்வளவுக்குத் துடிப்புக் குறையும். ஆதலால் பல ஆயிரம் வாட் ஆற்றலுள்ள பெருவிளக்குகள் அதிவேகப் படப்பிடிப்பில் நெடுங்காலம் பயன்பட்டு வந்துள்ளன. அவற்றின் வெப்பம் சோதனைப் பொருளையே பாதிக்கக்கூடும் என்பது ஒரு குறை. பழைய வகைச் சோக்கில் எரியும் குழல் விளக்கில் துடிப்பு மிகுதி. எல்.இ.டி. விளக்கின் ஒளி மின்னோட்டத்தை உடனுக்குடன் பின்பற்றுவதால், அதன் தரம் அதற்கு மின்சாரம் ஊட்டும் கருவியைப் பொறுத்தது. மேலும், பல எல்.இ.டி. விளக்குகளில் ஒளியைக் குறைக்கும்பொழுது மின்னோட்டம் விநாடிக்குப் பலமுறை துண்டிக்கப்பட்டு இணைக்கப்படுகிறது. அவற்றை முழு ஒளியில் எரியவிட்டு, தொலைவை மிகுத்து ஒளியைக் குறைப்பதே நன்று.

துடிப்பை நீக்கும் வழிகளுள் முதலாவது நேர்மின்னோட்டம். பாட்டரியால் எரியும் மின்னிழை விளக்கிலும், மாறா மின்னோட்டம் பெறும் எல்.இ.டி. விளக்கிலும் இத்துடிப்பு இராது. இரண்டாவது, மும்முனை மின்சாரத்தின் ஒவ்வொரு முனையிலும் ஒத்த விளக்கொன்றை இணைப்பது. ஒன்றின் ஒளி தாழும்பொழுது மற்றவை ஓங்குவதால் மொத்த ஒளி ஏறக்குறைய நிலைபெறும். ஆயினும், மூன்றின் ஒளியும் சமமாகக் கலக்குமிடத்தில் மட்டுமே இது பலிக்கும். ஒன்றின் நிழல் விழுமிடத்தில் துடிப்பு மீண்டும் தலைகாட்டும். மூன்றாவது, விநாடிக்குப் பல்லாயிரம் சுற்றுக்களில் இயங்கும் மின்னணுச் சோக்கு. விநாடிக்கு 1,000 படங்களுக்கு இது போதுமானதாக இருக்கலாம். ஒரு லட்சம் படங்களுக்குப் போதாது. எனவே, ‘துடிப்பற்ற விளக்கு’ என்னும் பெயர், எந்த வேகத்திற்கு என்று கூறப்படாதவரை பொருளற்றது.

விளக்கைச் சோதிப்பது கடினமன்று. எந்த வேகத்திலும் எந்த ஒளியேற்பு நேரத்திலும் படமெடுக்க உத்தேசமோ, அதே அமைப்பில் ஒரு வெள்ளை அட்டையைச் சிறிது நேரம் படமெடுத்து, அதன் ஒளியளவு படத்துக்குப் படம் மாறுகிறதா எனப் பார்த்தால் போதும். சோதனையின்பொழுதும் அதே ஒளியில் அவ்வட்டையைப் படத்தின் ஓரத்தில் வைத்திருந்தால், சிறு மாறுதல்களைப் பின்னர்க் கணக்கிட்டுத் திருத்தலாம். முற்றிலும் இருண்ட படத்தை எக்கணக்கும் மீட்காது.

துடிப்பை ஒழிக்காமல் பணிகொள்ளும் முறையும் உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் ஒன்றாக, காமிராவோடு இசைந்து, சம அளவுள்ள குறுகிய ஒளிவீச்சுக்களைச் செலுத்துவது அம்முறை. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹரால்டு எட்ஜர்ட்டன், சுழலும் மோட்டார்களை ஆராய இத்தகைய ஒளிவீச்சுக்களைக் கையாண்டார். எவ்வழியை மேற்கொண்டாலும், விளக்கின் நிலைபேற்றைக் கண்ணைக் கொண்டு மதிப்பிடாது, காமிராவைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.