ஆகாயத்தில் நித்திரை

பணத்தால் மெத்தையை வாங்கலாம், நித்திரையை வாங்க முடியாது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆகாய விமானக் கம்பெனிகள் இந்தப் பேச்சைச் சற்றே திருத்திவிட்டன. அங்கே நித்திரைக்கும் விலை உண்டு. விமானத்தின் முன்பகுதியில் இருப்போர் ஆசனத்தை முற்றாகச் சரித்துப் படுக்கையாக்கிக் கால் நீட்டி உறங்குகிறார்கள். திரைச்சீலைக்கு இப்பால், முன்னாசனம் முழங்காலை இடிக்க, வரிசைக்கு 31 அல்லது 32 அங்குலம் என்ற அளவில் நாம் அடுக்கப்பட்டிருக்கிறோம். திரைச்சீலைக்கு இப்பால் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஆதியில் நிலைமை இப்படி இருக்கவில்லை. 1935ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் முதன்முறையாகப் பறந்த டக்ளஸ் விமானம் இராக்காலப் பிரயாணிகள் படுத்துச் செல்வதற்கென்றே ஆக்கப்பட்டது. அதில் இருந்தவை 14 படுக்கைகள். அதே விமானத்தில் படுக்கைகளை நீக்கி ஆசனங்களைப் போட்டபோது 21 பேருக்கு இடம் கிடைத்தது. பதினான்கிலும் இருபத்தொன்று பெரிது என்ற கணக்கு எந்த வியாபாரிக்குத்தான் விளங்காது! அந்த ஆசன விமானமே டீசி-3. அதன் உடன்பிறப்பாகிய டக்கோட்டாவை நம் நாட்டாரும் அறிவர். 1947 டிசம்பரில் எயார் சிலோன் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் சேவையைத் தொடங்கியது அந்த விமானத்திலேதான். அது குறுகிய பிரயாணம். கண்ணயரு முன்னே இறங்கிவிடலாம். இன்று கொழும்பிலிருந்து நேரே இலண்டனுக்குப் போவதென்றாலோ ஏறக்குறைய 11 மணி நேரம் ஒரே இருப்பு.

விமானத்தில் உறக்கம் வராமைக்கு ஆசனம் மாத்திரம் காரணமன்று. உள்ளே நாம் சுவாசிக்கும் காற்றின் அமுக்கம் கடல் மட்டத்து அமுக்கமன்று. 8,000 அடி உயரமான மலையில் உள்ள அளவுக்கு அதைக் குறையவிடலாம் என்பது விதி. பிதுருதலாகலையின் உயரம் 8,281 அடி என்பதை நினைத்துக்கொண்டால், நாம் எங்கே அமர்ந்து உறங்க முயல்கிறோம் என்பது புலனாகும். போயிங் 787, எயார் பஸ் ஏ350 ஆகிய புதிய விமானங்களில் அது 6,000 அடியளவில் நிற்கிறது. அதாவது மலையுச்சியிலிருந்து நுவரெலியாப் பட்டினத்துக்கு இறங்கி வந்துவிட்டோம். ஆனால் நுவரெலியாவின் ஈரக்காற்று அங்கே இல்லை. பழைய விமானங்களில் காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 20க்கும் கீழே போய்விடுவதுண்டு. கொழும்பின் புழுக்கத்தில் வளர்ந்த நம் தொண்டையும் கண்ணும் மூக்கும் ஒரு மணி நேரத்தில் வரண்டுவிடுகின்றன.

இவற்றோடு கழுத்தின் தொல்லையும் உண்டு. ஆழ்ந்து கனவு காணும் வேளையில் உடலின் தசைகள் முற்றாகத் தளர்ந்துவிடும். படுத்திருப்பவனுக்கு அதனால் குறைவில்லை. இருந்தபடி உறங்குபவனுக்கோ, கனவு தொடங்கும் அந்தக் கணமே தலை தொங்கி விழ, திடுக்கிட்டு விழிக்கிறான். கழுத்தைச் சுற்றி அணியும் தலையணையைப் பலர் பிடரிப் பக்கம் தடிப்பாக இருக்கும்படி மாட்டிக்கொள்கிறார்கள். பின்னால் ஆசனம் இருக்கிறதே! தாங்கல் வேண்டியது நாடிக்குக் கீழேதான். மடித்த சால்வையொன்றை இடுப்பின் பின்வளைவில் வைத்தால் முதுகும் ஆறும். ஆசனப் பட்டியைப் போர்வைக்கு மேலே பூட்டிக்கொள்ளுங்கள். விமானம் குலுங்கும்போது பணிப்பெண் உங்களை எழுப்பிச் சோதிக்க வேண்டியிராது. மதுவை நாடுவோருக்கு ஒரு வார்த்தை: அது விரைவாக உறங்க வைக்கும், பின்னிரவில் அந்த உறக்கத்தைத் துண்டு துண்டாக்கவும் செய்யும்.

ஒருமுறை இலண்டனுக்குப் போகையில் யன்னலோரத்தில் ஒரு முதிய அம்மையார் இருந்தார். மகளின் பிள்ளைப்பேற்றுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து தனியே புறப்பட்டவர். பணிப்பெண் இருமுறை நீட்டிய தண்ணீரையும் வேண்டாமென்றுவிட்டார்.

“தாகமில்லையா, அம்மா?” என்று கேட்டேன்.

“தாகம் இருக்குத் தம்பி. குடிச்சால் எழும்ப வேணும். எழும்பினால் உங்கள் ரண்டு பேற்றை நித்திரையும் போயிடும். விடியுமட்டும் இப்பிடியே இருந்திடுவன்.”

அவர் காலைப் பார்த்தேன். கணுக்கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருந்தது.

இந்த அடக்கம் நம் தாய்மாருக்கு இயல்பானது, ஆகாயத்திலோ அபாயமானது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாது அமர்ந்து பிரயாணம் செய்வோருக்குக் காலின் நாளங்களில் இரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆராய்ச்சி கூறுகிறது. ஏறக்குறைய 6,000 பேரில் ஒருவருக்கே அது நேரும். ஆயினும் உறைந்த கட்டி சுவாசப்பையைச் சென்று அடைத்தால் உயிரே போகலாம். நித்திரைக் குளிகை விழுங்கிவிட்டு மரக்கட்டைபோல் கிடப்பதை வைத்தியர்கள் விரும்பாமைக்கும் இதுவே காரணம். விழித்த போதெல்லாம் பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொள்வதும், இடைக்கிடை எழுந்து நடப்பதும், தண்ணீர் அருந்துவதும் வேண்டும். முன்பே இரத்தக் கட்டு நோய் கண்டவர்கள் புறப்படுமுன் வைத்தியரைக் கேட்பது அவசியம்.

நடைபாதை ஓரத்தில் இருந்தவர் நல்ல மனிதர். மூவரும் இடம் மாறினோம். அம்மையார் ஓரத்துக்கு வந்து, தண்ணீர் குடித்து, இருமுறை எழுந்து நடந்து, பின்னர் உறங்கினார். பெற்றோருக்குப் பிரயாணச் சீட்டு வாங்கி அனுப்பும் பிள்ளைகள், சீட்டு வாங்கும்போதே ஓர ஆசனத்தைக் கேட்டு வாங்கிவிட்டால் இத்தனை வேலையும் இல்லை. நித்திரைக்கு யன்னலோரம் சிறந்ததுதான். ஆனால் அது இளைஞருக்கு.

மேற்கே போவது எளிது. நம் உடலின் கடிகாரம் 24 மணி நேரத்திலும் சற்றே நீண்டது. ஆகவே பகல் நீளும்போது அது பெரிதாக முரண்டு பிடிப்பதில்லை. கிழக்கே திரும்பும்போதுதான் வினை. இலண்டனில் இரவு புறப்பட்டு அடுத்த நாள் நண்பகலில் கட்டுநாயக்காவில் இறங்குபவனுக்கு நான்கரை அல்லது ஐந்தரை மணி நேரம் பறிபோய்விடுகிறது. அதனால் திரும்பும் வழியில் விமானம் மேலெழுந்ததும் பரிமாறும் உணவை மறுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வதே என் வழக்கம். அந்த உயரத்தில் நாக்கின் உவர்ப்பு, இனிப்புச் சுவைகள் மங்கிவிடுகின்றன என்று சொல்கிறார்கள். அங்கே தரும் சோற்றையும் கறியையும் எண்ணிப் பார்த்தால், இழப்பு அப்படியொன்றும் பெரிதன்று.