கை வைக்குமுன் ஒரு கேள்வி!

2018 நவம்பர் 16. வேதாரண்யத்தை ஒட்டிக் கஜா புயல் கரையேறிய நாள். அந்த விடியலை அதிராம்பட்டினம் மறக்குமா? தென்னை சாய்ந்தது, ஓடு பறந்தது, மின்கம்பம் முறிந்து தெருவில் கிடந்தது.

மக்கள் கைகட்டி நின்றார்களா? இல்லை! விழுந்த மரத்தை வெட்டி வழி செய்தார்கள். சிதறிய ஓட்டைப் பொறுக்கிக் கூரையில் அடுக்கினார்கள். ஓடு இல்லாத இடத்தில் தார்ப்பாயைக் கட்டினார்கள். தன் வீட்டைத் தானே தூக்கி நிறுத்திய அந்தக் கைகளை நாம் போற்றுகிறோம்.

ஆனால் அறுந்து கிடந்த மின்கம்பிக்கு வேறு கைகள் தேவைப்பட்டன. பிற மாவட்டங்களிலிருந்து வந்தார்கள். அண்டையிலுள்ள கேரளத்திலிருந்தும் வந்தார்கள். சேற்று வயலில் கம்பத்தைச் சுமந்து, நட்டு, கம்பி இழுத்து, இருண்ட டெல்டாவுக்கு விளக்கேற்றினார்கள் மின் ஊழியர்கள்.

ஓட்டை நாமே அடுக்கலாம். மின்கம்பியைத் தெரிந்தவன்தான் தொட வேண்டும். புயல் நாளில் புரிந்த இந்த உண்மை, சாதாரண நாளில் ஏன் மறந்துபோகிறது?

"ஒயர்மேனுக்கு எதற்கு வீண் கூலி? நானே பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார் வீட்டுக்காரர். அடிக்கடி பியூஸ் போகிறதாம்; ஆகவே தடித்த கம்பியாகப் பார்த்துச் சுற்றிவிட்டாராம்! பியூஸ் கம்பி மெல்லியதாக இருப்பது கஞ்சத்தனத்தால் அல்ல. அளவு மீறி மின்சாரம் ஓடினால், தான் உருகி வீட்டைக் காப்பதற்காக! காவற்காரனைக் கட்டிப்போட்டுவிட்டால், உருக வேண்டிய கம்பி உருகாது; சுவருக்குள் ஓடும் ஒயர் எரியும். மிச்சமானது சில ரூபாய். பணயம் வைத்ததோ குடும்பம்!

சட்டமும் இங்கே ஒரு கோடு போட்டிருக்கிறது. 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 45-வது விதியைப் பாருங்கள். பல்பு, மின்விசிறி, பியூஸ், சுவிட்ச் போன்றவற்றை, இணைப்பின் திறனும் தன்மையும் மாறாதபடி மாற்றிக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்ட வேலையை உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும். 2010-ல் புதிய ஒழுங்குமுறைகள் வந்தபோதும் அந்தக் கோடு அழிக்கப்படவில்லை.

நம் ஊருக்கு இன்னொரு வம்பும் உண்டு. உப்பளம் சூழ்ந்த கடற்கரை ஊர் இது. உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும், உள்ளிருந்து நெம்பும், காரை பெயர்ந்து விழும். உதிர்ந்த இடத்தில் சிமெண்டைக் குழைத்துப் பூசி வெள்ளையடித்தால் போதுமா? புண்ணுக்குப் பட்டுத்துணி போர்த்துவது போலத்தான் அது! சுவரில் ஆணி அடித்த ஓட்டையை நாமே அடைக்கலாம். கூரையில் கம்பி தெரிந்தால், விவரம் அறிந்த கொத்தனாரையோ பொறியாளரையோ அழைத்தாக வேண்டும்.

அப்படியானால் அளவுகோல் என்ன? கை வைக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது தவறினால் போவது பொருளா, உயிரா?" குழாயின் வாஷர் தவறினால் தண்ணீர் சொட்டும், துடைத்துவிடலாம். மின்சாரம் தவறினால், எரிவாயு தவறினால், கூரை தவறினால், துடைப்பதற்குக் கண்ணீர்தான் மிஞ்சும். எரிவாயு கசிந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள், ரெகுலேட்டரை மூடுங்கள், சன்னலைத் திறந்துவிட்டு வெளியேறி 1906-ஐ அழையுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நமக்கு ஆபத்தான வேலையை, கூலி கொடுத்து இன்னொருவன் தலையில் கட்டுவதா அறிவுடைமை? கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால், "உள்ளே இறங்கு" என்று ஓர் ஏழையை அழைக்கிறார்களே, அது என்ன நியாயம்? தொட்டிக்குள் தேங்கும் நச்சுக்காற்று, ஒருவனை நொடியில் சாய்க்கும். காப்பாற்றக் குதித்தவனையும் சாய்க்கும். பாதுகாப்பின்றி மனிதனை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அப்படி இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் தரவேண்டுமென்று 2014-ல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. போன உயிருக்கு விலையுண்டா? தொட்டியைத் துப்புரவு செய்யக் கழிவுநீர் லாரி வரட்டும். மனிதன் மேலேயே நிற்கட்டும்!

சிக்கனம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. தெரிந்ததைத் தானே செய்பவன் உழைப்பாளி. தெரியாததைத் தெரிந்தவனிடம் விடுபவன் அறிவாளி. தெரிந்தவன் கேட்கும் நியாயமான கூலியைப் பேரம் பேசிக் குறைக்காமல் கொடுப்பவனோ, பண்பாளன்! அந்தக் கூலி அவன் வந்துபோன ஒரு மணி நேரத்துக்கு மட்டுமல்ல. ஆண்டுக்கணக்கில் அவன் கற்ற பாடத்துக்கு.

புயல் நாளில் அவன் கம்பத்தில் ஏறியதை நன்றியோடு அண்ணாந்து பார்த்தோமே. மற்ற நாளில் அவன் வாசலில் நிற்கும்போதும் அந்த நன்றி நம் கண்ணில் இருக்க வேண்டாமா?