பேலியல் வீட்டுக்கு ஒரு மறுவிசாரணை

1296 ஜூலையில் ஸ்காட்லாந்து மன்னர் ஜான் பேலியலின் மேலங்கியிலிருந்து அரசச் சின்னத்தைப் பிய்த்தெடுத்தார்கள். படையெடுத்து வந்து வென்ற இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டு, அவரது முடியையும் பறித்தார். ‘வெற்று அங்கி’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. எட்வர்டின் கைப்பாவை, முதுகெலும்பில்லாதவர் என்ற பேச்சு ஏழு நூற்றாண்டாக ஓயவில்லை.

மூன்றாம் அலெக்சாண்டர் 1286-இலும், அவருடைய பேத்தி மார்கரெட் சிறுமியாகவே 1290-இலும் இறந்துபோக, அரியணைக்கு 13 பேர் உரிமை கோரினார்கள். வலுவான கோரிக்கை இருவருடையது. ஹண்டிங்டன் பிரபு டேவிட்டின் மூத்த மகள் வழிக் கொள்ளுப்பேரன் பேலியல். இரண்டாம் மகள் வழிப் பேரன் ராபர்ட் புரூஸ். மூத்த வழிக்கே முதலுரிமை என்று 1292-இல் தீர்ப்பானது. நடுவர் எட்வர்டு என்பதால் அது சூழ்ச்சி என்பார்கள். விசாரித்த 104 பேரில் 40 பேர் புரூஸ் தரப்பு நியமித்தவர்கள் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

பிரான்ஸ் மீது போர் தொடுக்கப் படை அனுப்பு என்று எட்வர்டு 1294-இல் கேட்டார். மறு ஆண்டே அந்தப் பிரான்ஸுடன் பேலியலின் அரசு உடன்படிக்கை செய்தது. அதில், அப்போது ஆட்சியை நடத்திய பன்னிருவர் குழுவின் கை ஓங்கியிருந்தது உண்மைதான். ஆனாலும் கைப்பாவையின் நாடு செய்கிற காரியமா அது? 1296-இல் ஸ்காட்லாந்துப் படை கார்லைலைத் தாக்கியபோது, எட்வர்டுக்காக அந்தக் கோட்டையைக் காத்தவர் யார் தெரியுமா? பழைய போட்டியாளர் புரூஸின் மகன்! வில்லியம் வாலஸ் நாட்டின் காவலராக ஆணையிட்டதும் மன்னர் ஜானின் பெயரால்தான்.

அந்தப் போட்டியாளரின் பேரன் ராபர்ட் புரூஸ், 1306-இல் பேலியலின் சகோதரி மகன் ஜான் காமினைத் தேவாலயத்தில் கொன்றுவிட்டு முடிசூடினார். அதற்கு நியாயம் வேண்டுமே. மக்கள் பேலியலை என்றுமே விரும்பவில்லை, அவர் எட்வர்டால் திணிக்கப்பட்டவர் என்று 1309-இல் பாதிரிமார் பெயரில் அறிக்கை வந்தது. பிற்காலத்தார் பலர் அதையே வரலாறாக எழுதினார்கள்.

மகன் எட்வர்டு பேலியலுக்காக வாதாட எனக்கு வாய் வரவில்லை. 1332-இல் ஆங்கிலேயத் துணையோடு முடிசூடினார். 1334-இல் தென்பகுதி மாவட்டங்களை மூன்றாம் எட்வர்டுக்குத் தாரைவார்த்தார். 1356-இல் அரியணை உரிமையையே ஒப்படைத்தார். அந்தப் பழியைத் தகப்பன் தலையிலும் கட்டுவது அநியாயம். ஆக்ஸ்போர்டில் பேலியல் கல்லூரிக்கு நிலையான ஏற்பாடு செய்த ஜானின் தாய் டெர்வோர்கில்லாவோ இந்தச் சண்டையில் மறக்கப்பட்டே போனார்.

1390-இல் முடிசூடிய ஜான் ஸ்டீவர்ட், மன்னர் ராபர்ட் புரூஸின் மகள் வழிக் கொள்ளுப்பேரன். ‘இரண்டாம் ஜான்’ என்றால் பேலியலை மன்னராக ஒப்புக்கொண்டதாகிவிடும். பெயரையே மாற்றி, மூன்றாம் ராபர்ட் ஆனார்.