பழைய கல்லாப்பெட்டிக்கு மீண்டும் மெருகு

நம் பகுதிக் கடைகள் பலவற்றில் தாத்தா காலத்துத் தேக்குக் கல்லாப்பெட்டியோ கணக்கு மேசையோ இன்றும் உண்டு. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதி வேறு. நிறம் மங்கியதும் தச்சரை அழைத்து இழைத்து, எனாமல் பெயிண்ட் அடித்துவிடுகிறோம். சிலர் வந்த விலைக்குப் பழைய சாமான் வியாபாரியிடம் தள்ளிவிடுகின்றனர். இரண்டும் நஷ்டமே. பெரும்பாலும் மரம் கெட்டிருக்காது, மேல்மெருகுதான் மங்கியிருக்கும்.

புழுதியை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். சோப்பு நீரில் நனைத்து நன்கு பிழிந்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு, கண்ணில் படாத அடிப்பக்கத்தில் பஞ்சில் சிறிது பாலீஷ் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். மெருகு இளகிப் பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலீஷ். அப்படியானால் சுரண்டவே வேண்டாம். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் சுமார் 120 கிராம் அரக்குச் செதிலை இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, பஞ்சை உள்ளே வைத்து மடித்த பருத்தித் துணியால் மர ரேகையின் போக்கில் மெல்லியதாகத் தடவவும். பழைய மெருகும் புதியதும் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் செய்தால் வெண்மை பூக்கும். பங்குனி வெயில் நல்லது. இளகாவிட்டால் அது வார்னிஷ் போன்ற வேறு பூச்சு. விவரம் தெரிந்த ஆளிடம் காட்டுங்கள்.

தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது காய்வதே இல்லை. புழுதியைத்தான் பிடித்து வைக்கும். சிற்ப வேலைப்பாடு உடைந்திருந்தால் பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர் மரச்சிற்பிகளிடம் கொண்டுபோகலாம். அவர்களின் கைவேலைக்கு 2020ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

வேலையைக் கடை விடுமுறை நாளில், வெளியே வைத்துச் செய்யவும். அரிசியும் மாவும் ஸ்பிரிட் வாடையை இழுத்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை கல்லாவுக்குச் சூடம் காட்டுபவர்கள் மெருகு முழுதும் காயும்வரை பொறுக்கவும்.

இன்னொன்று. சிலர் மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுவார்கள். அது காற்றோடு சேர்ந்து காயும்போது சூடாகும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், யாரும் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில் 38 மாடிக் கட்டடத்தில் மூண்ட தீ இத்தகைய துணிகளிலிருந்து கிளம்பியதே. தீயணைப்பு வீரர் 3 பேர் இறந்தனர். சாக்கும் எண்ணெய் டின்னும் தீப்பெட்டிக் கட்டும் அடுக்கிய நம் கடைகளில் கேட்கவா வேண்டும்? துணிகளை வெளியே தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் அமுக்கி வையுங்கள்.