புல்லட்டா, ராஜ்தூத் 350-ஆ? ரோட்டுக்கும் ரேஸுக்கும் ஒரு கணக்கு

நம் கேன்டீனில் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் வண்டியில்தான் வந்து நிற்கும். "புல்லட் மாதிரி வருமாடா?" என்பான் ஒருவன். "ஆர்.டி.யை முறுக்கினா உன் புல்லட் கண்ணாடியிலகூடத் தெரியாது" என்பான் இன்னொருவன். மூன்றாமவன் ஆர்.எக்ஸ். 100-க்குக் கொடி பிடிப்பான். டீ ஆறிப் போகும். சண்டை மட்டும் ஆறாது.

வெளிநாட்டுப் பத்திரிகைகளில் போர்ஷேயா, ஃபெராரியா, தினமும் ஆபீஸுக்கும் போகணும், ஞாயிற்றுக்கிழமை டிராக்கிலும் ஓட்டணும், எது நல்லது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நமக்கு அந்தக் கார்கள் போஸ்டரில் மட்டும்தான். ஆனால் அதே கேள்வி நம் வடசென்னையில் இரண்டு சக்கரத்தில் பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. புல்லட் பிறந்த தொழிற்சாலை திருவொற்றியூரில். வண்டிகள் மோதிக்கொண்ட ரேஸ் மைதானம் செங்குன்றம் தாண்டி சோழவரத்தில். டிப்ளமோ படிக்கிற நாம் இதை வாய்ச்சண்டையாக விட்டுவிடாமல் கணக்குப் போட்டுப் பார்த்தால் என்ன? வாருங்கள், பார்ப்போம்.

போட்டியாளர்கள் யார், யார்?

முதலில் நம்ம ஊர்க்காரர். 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. எல்லைக் காவலுக்கு நம் ராணுவம் புல்லட்டைத் தேர்ந்தெடுத்ததுதான் அதற்கு மூல காரணம். முதலில் உதிரிபாகங்களாக வந்ததை இங்கே பூட்டினார்கள். பிறகு எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். பழைய புல்லட் 350-ன் கணக்கு இது: ஒற்றை சிலிண்டர், ஃபோர்-ஸ்ட்ரோக், 346 சி.சி., போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., 5625 ஆர்.பி.எம்.-ல் 18 குதிரைசக்தி, நான்கு கியர்.

அடுத்தவர் ஜப்பான் வம்சம். யமஹாவின் ஆர்.டி. 350 அங்கே 1973-ல் வந்தபோது 39 குதிரைசக்தி. அதை எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983 முதல் 1989 வரை ஃபரீதாபாத்தில் 'ராஜ்தூத் 350' என்ற பெயரில் செய்தது. இரட்டை சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், 347 சி.சி., போர் 64 மி.மீ., ஸ்ட்ரோக் 54 மி.மீ., ஆறு கியர். முதலில் வந்த 'ஹை டார்க்' மாடலில் 6750 ஆர்.பி.எம்.-ல் 30.5 குதிரைசக்தி. பெட்ரோல் குடிக்கிறது என்று எல்லோரும் புலம்பவே, மைலேஜுக்காகக் குறைத்து வந்த 'லோ டார்க்' மாடலில் 27.

மூன்றாவது, 1985-ல் வந்து 1996 வரை தயாரான யமஹா ஆர்.எக்ஸ். 100. 98 சி.சி., 7500 ஆர்.பி.எம்.-ல் 11 குதிரைசக்தி. சைஸில் சின்னப் பையன், சத்தத்தில் பெரிய ஆள்.

ஒரே சி.சி., ஏன் இவ்வளவு வித்தியாசம்?

புல்லட் 346, ராஜ்தூத் 347. ஒரு சி.சி.தான் வித்தியாசம். சக்தியோ 18-க்கு 30.5. எப்படி?

ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். டூ-ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கும். அப்படியானால் சக்தி இரண்டு மடங்கு வரணுமே என்று கேட்கலாம். வராது. டூ-ஸ்ட்ரோக்கில் புது மிக்சர் உள்ளே வரும்போதே பழைய புகையும் வெளியே போகிறது. அந்தச் சந்தடியில் எரியாத பெட்ரோல் கொஞ்சம் சைலன்சர் வழியாக ஓடிவிடுகிறது. மைலேஜ் குறைவதும் புகை அதிகமாவதும் இதனால்தான்.

இன்னொரு கணக்கு பாருங்கள். பிஸ்டனின் சராசரி வேகம் = 2 × ஸ்ட்ரோக் × ஆர்.பி.எம். ÷ 60. உச்ச சக்தி கிடைக்கும் இடத்தில் புல்லட்டின் பிஸ்டன் வேகம் வினாடிக்கு 16.9 மீட்டர். ராஜ்தூத்துக்கு 12.2 மீட்டர்தான்! மெதுவாக 'டப் டப்' என்று போகிறதே என்று நாம் நினைக்கும் புல்லட்டில்தான் உச்சத்தில் பிஸ்டன் அதிக வேகமாக ஓடுகிறது. 90 மி.மீ. நீள ஸ்ட்ரோக்தான் காரணம். அதனால் புல்லட்டை டிராக்கில் மணிக்கணக்கில் ஃபுல் திராட்டிலில் வைத்தால் அது கஷ்டப்படும். அதன் சுகமெல்லாம் பாதி திராட்டிலில்தான். கனமான ஃப்ளைவீல் இருப்பதால் குறைந்த ஆர்.பி.எம்.-லேயே டாப் கியரில் நிதானமாக இழுக்கும். ராஜ்தூத் கதை வேறு. கீழே அமைதியாக இருக்கும், நடு ஆர்.பி.எம். தாண்டியதும் சட்டென்று பிய்த்துக்கொண்டு போகும். அந்த இடத்திலேயே இன்ஜினை வைத்திருக்கத்தான் ஆறு கியர்.

ஆளையும் ஏற்றிக் கணக்குப் போடுவோம்

குதிரைசக்தியை மட்டும் பார்த்தால் போதாது. அந்தக் குதிரை எவ்வளவு சுமக்கிறது என்றும் பார்க்கணும். வண்டி எடையை ஏறத்தாழ புல்லட் 165 கிலோ, ராஜ்தூத் 155, ஆர்.எக்ஸ். 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுபவர் 60 கிலோ. ஒரு குதிரைசக்திக்கு எத்தனை கிலோ சுமை?

தனியாகப் போனால்: ராஜ்தூத் 7, புல்லட் 12.5, ஆர்.எக்ஸ். 14.5.

பின்னால் இன்னொரு 60 கிலோ நண்பன் ஏறினால்: ராஜ்தூத் 9, புல்லட் 15.8, ஆர்.எக்ஸ். 20.

தனியாகப் போகும்போது புல்லட்டுக்கும் ஆர்.எக்ஸுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால்தான் சிக்னலில் ஆர்.எக்ஸ். முன்னால் பாய்கிறது. ஆனால் டபுள்ஸ் ஏறியதும் ஆர்.எக்ஸின் சுமை 38 சதவீதம் கூடுகிறது. புல்லட்டுக்கு 27 சதவீதம்தான். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தினமும் அண்ணனை ஷிஃப்டுக்கு விட்டுவிட்டு காலேஜ் போகிற நண்பனுக்கு எது வேண்டும் என்று இப்போது புரிகிறதல்லவா?

தனியாகவோ டபுள்ஸாகவோ, காகிதத்தில் ராஜ்தூத்தான் ராஜா. பிறகு ஏன் அது கடையில் தோற்றது? தினசரி ஓட்டத்தில்தான் பதில் இருக்கிறது. இரண்டு கார்ப்பரேட்டர், இரண்டும் ஒன்றாகத் திறக்கிற மாதிரி டியூன் பண்ணணும். ஆயில் பம்ப் சரியாக இருக்கணும். இல்லையென்றால் பிஸ்டன் சீஸ் ஆகிவிடும். தேரடி டிராஃபிக்கில் ஊர்ந்து போனால் பிளக்கில் ஆயில் படிந்து மிஸ்ஸிங் அடிக்கும். ஸ்பேர் பார்ட்ஸ் விலையும் அதிகம், கிடைப்பதும் கஷ்டம். புல்லட்டிலோ பாயிண்ட் சுத்தம் பண்ணுவது, டாப்பெட் செட் பண்ணுவது, செயின் டைட் பண்ணுவது எல்லாம் தெருமுனை மெக்கானிக் அண்ணனுக்குக் கைவந்த கலை. ஆயில் ஒழுகும், கிக்கர் திருப்பி அடிக்கும். ஆனாலும் வீடு வந்து சேர்க்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ராஜ்தூத்தில் நேர்மாறு. ஒன்றை ஓட்டிப் பழகியவன் இன்னொன்றை இரவல் வாங்கி ஓட்டினால், அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பான். இரவல் வண்டி எடுக்கும்போது இதை மறக்காதீர்கள்.

சோழவரம் சொன்ன பாடம்

சோழவரம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல வருடங்கள் பந்தயம் நடத்தியது. நாடு முழுவதிலிருந்தும் காரும் பைக்கும் அங்கே வந்து மோதின. ஓடுதளம் என்றாலே நீள நேர்பாதை. சக்தி உள்ளவன் ஜெயிப்பான். 1980-களில் ராஜ்தூத் 350-க்கு அது தாய்வீடு மாதிரி. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்தது. நீளம் 3.717 கி.மீ., வளைவுகள் 12. வளைவு கூடினால் பிரேக்கும் டயரும் சக்திக்குச் சமமாக முக்கியமாகிவிடும்.

இங்கேதான் ராஜ்தூத்தின் குறை தெரியும். ஜப்பான் ஆர்.டி.க்கு முன்னால் டிஸ்க் பிரேக் இருந்தது. நம் நாட்டில் வந்ததற்கு டிரம். ஆளோடு சேர்த்து 215 கிலோ, 100 கி.மீ. வேகத்தில் வந்தால் அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 83 கிலோ ஜூல். 60 கி.மீ. வேகத்தில் 30 கிலோ ஜூல்தான். நிறுத்தும்போது அவ்வளவும் சூடாக மாறி டிரம்முக்குள் போகணும். ஒவ்வொரு லேப்பிலும் இப்படிப் பல தடவை பிடித்தால் டிரம் சூடேறி, லைனிங் பிடி தளர்ந்து, லீவர் ஹேண்டில்பாரைத் தொடும். டிஸ்க் வெளிக்காற்றில் சுற்றுவதால் சீக்கிரம் ஆறும். ஜப்பான்காரன் 39 குதிரைக்கு டிஸ்க் வைத்தான்; இங்கே 30 குதிரைக்கு டிரம் போதும் என்று நினைத்தார்கள்.

டயரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதுவும் நம் ஊர்ச் சரக்குதான். 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்து ஆரம்பித்த எம்.ஆர்.எஃப்., 1961-ல் டயர் தயாரிப்பில் இறங்கியது. பிறகு ரேஸ் டயர் வரை போனது. டிராக் டயரின் ரப்பர் மெத்தென்று இருக்கும். சூடேறினால்தான் பிடிக்கும், சீக்கிரம் தேயும். ரோட்டு டயர் குளிரிலும் மழையிலும் பிடிக்கணும், பல ஆயிரம் கிலோமீட்டர் உழைக்கணும். ஒன்றை மற்றதன் இடத்தில் போட்டால் இரண்டு வேலையும் கெடும்.

இன்றைய வண்டிகள்

அன்று 'ஹை டார்க்', 'லோ டார்க்' என்று கடையிலேயே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இன்று ஒரே வண்டியில் அதை ஸ்விட்சில் வைத்துவிட்டார்கள். ஓசூர் டி.வி.எஸ்.ஸின் அப்பாச்சி ஆர்.ஆர். 310, 2020-ல் வந்த மாடலில் 'டிராக்', 'ஸ்போர்ட்' என்று வைத்தால் 9700 ஆர்.பி.எம்.-ல் 34 பி.எஸ். கிடைக்கும். 'அர்பன்', 'ரெயின்' என்று வைத்தால் 7600 ஆர்.பி.எம்.-ல் 25.8 பி.எஸ். மட்டும். கம்ப்யூட்டர்தான் திராட்டிலைத் திறக்கிறது. ராயல் என்ஃபீல்டும் சும்மா இல்லை. 2018-ல் வந்த 648 சி.சி. இரட்டை சிலிண்டர் கான்டினென்டல் ஜி.டி. 650-ஐ வைத்தே 2021 முதல் ஒரே வகை வண்டிகளின் பந்தயம் நடத்துகிறது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கெல்லாம் ஏ.பி.எஸ். கட்டாயம்.

ஆகவே, இரண்டு வேலைக்கும் ஒரே வண்டி என்பது இன்று ஓரளவு சாத்தியம். ஆனால் இரண்டு வேலைக்கும் ஒரே ரோடு என்பது எந்தக் காலத்திலும் சாத்தியமில்லை. இந்தக் கட்டுரையை எழுதியதே இதைச் சொல்லத்தான்.

எண்ணூர் ரோடு டிராக் அல்ல

காலியாக இருக்கும் நேரத்தில் எக்ஸ்பிரஸ் ரோட்டில் பந்தயம் விடுகிற பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது என்பது நமக்கெல்லாம் தெரியும். அதற்கும் ஒரு கணக்குப் போடுவோம். நிற்கும் தூரம் = சுதாரிக்கும் நேரத்தில் ஓடும் தூரம் + v² ÷ (2 × μ × g). சுதாரிக்க ஒரு வினாடி, காய்ந்த ரோட்டில் μ 0.7 என்று வைத்தால், 60 கி.மீ. வேகத்தில் 37 மீட்டரில் வண்டி நிற்கும். 100 கி.மீ. வேகத்தில் 84 மீட்டர் ஆகும். நாற்பதடி கண்டெய்னர் ஏழை வரிசையாக வைத்த நீளம் அது! ரோட்டில் மணலோ நிலக்கரித் தூளோ மழைத்தண்ணீரோ இருந்து μ 0.4-க்கு இறங்கினால் 126 மீட்டர், பத்து கண்டெய்னர். நம் ரோட்டில் இந்த மூன்றும் இல்லாத நாள் எது? துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லைட் போடாமல் ஓரம் கட்டி நிற்கும். மீன் கூடையோடு சைக்கிள் குறுக்கே வரும். ஏ.பி.எஸ். வீலை லாக் ஆகாமல் காக்கும். இல்லாத பிடியை உண்டாக்கித் தராது.

டிராக்கில் எதிரே வண்டி வராது. விழுந்தால் சறுக்கிப் போக இடம் இருக்கும், கொடி காட்ட ஆள் இருப்பான், ஆம்புலன்ஸ் இன்ஜினை ஆன் பண்ணித் தயாராக நிற்கும். 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. ரோட்டில் இரவுநேர ஃபார்முலா கார்ப் பந்தயம் நடந்ததே, அப்போதும் ரோட்டை மூடி, இரண்டு பக்கமும் தடுப்பு வைத்த பிறகுதான் கார்களை விட்டார்கள். லைசென்ஸ் வாங்கின தேர்ந்த ஓட்டுநர்களுக்கே அத்தனை ஏற்பாடு.

முடிவாக

தினமும் ஓட்ட வண்டி வாங்கும் நண்பனே, உன் ரோட்டையும், பின்னால் உட்காரும் ஆளையும், பக்கத்து மெக்கானிக்கையும் நினைத்து வாங்கு. பழைய ஆர்.டி.யோ ஆர்.எக்ஸோ ஆசைக்கு வாங்கினால் ஆர்.சி. புத்தகத்தை முதலில் பார். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு பதிவைப் புதுப்பித்திருக்கணும். ஸ்டார்ட் பண்ணி கிராங்க் பேரிங் சத்தம் கேள். பிரேக்கையும் டயரையும் சரிபண்ண ஆகும் செலவை விலையோடு சேர்த்துக் கணக்குப் போடு.

வேகம்தான் வேண்டும் என்றால் கூச்சப்படாமல் டிராக்குக்குப் போ. எஃப்.எம்.எஸ்.சி.ஐ. லைசென்ஸ் எடு. இருங்காட்டுக்கோட்டையில் உன்னைவிட வேகமானவன் நூறு பேர் இருப்பான். அவனிடம் தோற்றாலும் ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். அடுத்த வருட மலரைப் புரட்டும்போது நம் வகுப்பில் ஒரு பெயர்கூடக் குறையக் கூடாது. வாழ்த்துகள்!